தலைமடைக் குடும்பத்துக்குக் கடைசி வயலின் நன்றி

தலைமை தாங்க வந்திருக்கும் திருமதி சவரியம்மாள் அவர்களே! புதுச்சேரியிலே பிறந்து, பாரிஸ் நகரசபையிலே பணிபுரிந்து ஓய்ந்து, எங்கள் ஊரை ஒருநாளும் கண்டிராமலே எங்கள் ஊர் விழாவுக்கு வருடம் தவறாமல் வந்து மேடைக் கதிரையிலே அமரும் பெருந்தகையே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! ரோல்ஸ் பொரித்த கையைத் துடைத்த கையோடு ஓடிவந்து நிற்கும் தாய்மார்களே! கதவடியிலே நின்று தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் இளையோர்களே, உங்களையும்தான் சொல்லுகிறேன்! கார்ஜிலிருந்தும், பொபினியிலிருந்தும், லா கூர்னெவிலிருந்தும் கடையைப் பூட்டி, வேலைக்கு லீவு சொல்லி, ரயில் மாறி ரயிலேறி இந்த லா சப்பல் மண்டபத்தை நிறைத்திருக்கும் மருதோடை மக்களே! எல்லோருக்கும் மேலாக, முதல் கதிரையிலே இருந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எங்கள் தில்லைநாயகி அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் கடைசி வயல்காரி தர்மிளாவின் கைகூப்பிய வணக்கம்.

கேக்குதோ பின்னாலை? கேக்கேல்லையோ? கஜன், அந்த மைக்கைக் கொஞ்சம் கூட்டிவிடு ராசா. இப்ப? சரி, நல்லது.

இந்தக் கஜன்தான் எங்கடை ஊர் ஒன்றியத்தின்ரை செயலாளர். நேற்று என்ரை மரக்கறிக் கடைக்கு வந்து, ஒரு கட்டு முருங்கைக்காயைப் புரட்டிப் புரட்டிப் பாத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, உங்களுக்கு நன்றியுரை. நன்றியை மட்டும் சொல்லுங்கோ. காணி விக்கிற கதையை மேடையிலை எடுத்திடாதேங்கோ." நானும் ஓம் எண்டன். பாருங்கோ, தொடங்கின உடனையே எடுத்துப்போட்டன்! கஜன் தலையிலை கை வைச்சிட்டார். பரவாயில்லை தம்பி, மூடி வைச்ச சட்டிக்குள்ளை என்ன இருக்கெண்டு இந்த மண்டபத்திலை எல்லாருக்கும் தெரியும்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். மருதோடையிலே குளத்துக்கு அண்மையிலே இருக்கும் முதல் காணி தில்லைநாயகி அம்மாவின் குடும்பத்துக் காணி. அதைத்தான் தலைமடைக் காணி என்கிறோம். அந்தக் காணிக்குள்ளாலேதான் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த வாய்க்கால் போய்ச் சேரும் இடம் மேட்டு வயல்கள். அந்த மேட்டு வயல்களிலே உழுது விதைப்பவர்கள் எங்கள் சனம், என் சொந்தத் தம்பி சாருஜன் உட்பட. இப்போது அந்தத் தலைமடைக் காணியைக் கொழும்பிலே ஒருவர் விலைக்குக் கேட்கிறார். சுற்றுமதில் கட்டி விடுதி கட்டப் போகிறாராம். மதில் எழுந்தால் வாய்க்கால் நிற்கும். வாய்க்கால் நின்றால் எங்கள் வயல் காயும். அம்மாவின் மகன் லவன் அண்ணை வாற மாசம் கையெழுத்துப் போட ஊருக்குப் போகிறார். அம்மாவும் சேர்ந்து போட வேண்டும். அம்மா இன்றுவரைக்கும் வாயே திறக்கவில்லை.

இதுதான் கதை. இனி நான் நன்றிக்கு வாறன்.

அன்பு நிறைந்த அவையோரே! யார் இந்தத் தலைமடைக் குடும்பம்? எங்கிருந்து வந்தது? எதற்காக வந்தது? ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளிலே, வெள்ளைக்காரன் ஆட்சியிலே, வன்னிக் குளத்தைத் திருத்தினோம், காடு வெட்டக்கூடியவர்கள் வாருங்கள் என்று யாழ்ப்பாணத்துக்கு அறிவித்தல் போனது. யார் போனார்கள்? இருந்தவன் போனானா? இல்லை! இல்லாதவன் போனான். தோட்டத்தைச் சகோதரங்களுக்குள்ளே பிரித்துப் பிரித்து, கடைசியிலே ஒரு பாத்திகூட மிஞ்சாத புகையிலைத் தோட்டக்காரன் போனான். அப்படிப் போனவர்தான் தில்லைநாயகி அம்மாவின் தகப்பனார் தில்லையம்பலம் அவர்கள். கூடப் போனவர் அவரது துணைவியார் நாகமுத்து அவர்கள். காடு கண்டு கலங்கவில்லை! காய்ச்சல் கண்டு கரையவில்லை! யானை வந்து குடிலைச் சரித்த காலையிலே, சரிந்த தடியைத் திரும்ப நட்டுவிட்டு, அதே தடியிலே கேத்திலைக் கொழுவித் தேத்தண்ணி வைத்தாராம் நாகமுத்து அம்மா. அந்த வயிற்றிலே பிறந்தவதான் இந்த முறைக்கிற அம்மா!

கை தட்டினது காணும், கையை ரோல்ஸுக்கு வைச்சிருங்கோ.

ஒரு விசயம் சொல்ல வேணும். என்ரை மகள் கஜனி பள்ளிக்கூடத்திலை படிக்கிறாள், வெளியிலையிருந்து வந்து குடியேறினவையெண்டால் மற்றவன்ரை நிலத்தைப் பிடிச்சவையெண்டு. வீட்டை வந்து பிரெஞ்சிலை என்னை மடக்கினாள்: "அம்மா, நீங்கள் கொண்டாடுறதும் அப்பிடியான ஆக்களைத்தானே?" நல்லாத்தான் கேட்டாள். அந்தக் காடு வெறுங்காடெண்டு வெள்ளைக்காரன்தான் சொன்னவன். அங்கை மாடு மேய்ச்சவையும் தேன் எடுத்தவையும் முதலே இருந்தவை. நான் அவளுக்குப் பொய் சொல்லேல்லை. ஒண்டுதான் சொன்னன்: குடியேறின ஒருத்தர் எப்பிடிப்பட்டவரெண்டு அறிய வேணுமெண்டால், அவருக்குப் பிறகு வந்தவையைக் கேள். பிறகு வந்தவை நாங்கள்தான். வா, வந்து முன்னாலை இருந்து கேளெண்டன். அந்தா இருக்கிறாள், பாருங்கோ, முகத்தை மறைக்கிறாள்!

சரி. இப்ப தில்லையம்பலத்தார் விட்ட பிழையைச் சொல்லப் போறன். அம்மா, கோவிக்காதேங்கோ. பிழை விடாதவையைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்காது.

மடை என்றால் என்ன? தலைவர் அம்மாவே சற்றுமுன் என் காதுக்குள்ளே கேட்டார். வாய்க்காலிலே ஓடும் தண்ணீரை வயலுக்குள்ளே விடுகிற வாசல், அம்மா. மண்ணை வெட்டித் திறப்போம், மண்ணைப் போட்டு அடைப்போம். தில்லையம்பலத்தாருக்குத் திறக்கத் தெரிந்தது. அடைக்கத் தெரியவில்லை! ஏன்? அவர் பிறந்து வளர்ந்தது கிணற்று மண்ணிலே. அங்கே ஒருவன் கிணற்று ஏற்றமான துலாவிலே ஏறி மிதிப்பான், ஒருவன் ஓலைப் பட்டையிலே அள்ளி ஊற்றுவான். மிதிக்கிறவன் இறங்கினால் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீரை நிறுத்துவதற்கென்று ஒரு தனிவேலை இருக்கிறதென்று அந்த மண்ணிலே எவனுக்குத் தெரியும்? மனிதர் மடையை வெட்டிவிட்டார், வயல் நிரம்பக் கண்டார், கால் கழுவினார், மனைவியையும் கூட்டிக்கொண்டு ஊர்க் கோவில் திருவிழாவுக்குப் போய்விட்டார். நான்தான் இறங்கிவிட்டேனே, தண்ணீர் நின்றிருக்கும் என்ற நினைப்பு!

சிரிப்பு வருதோ? லாசருக்கு வரேல்லை.

லாசர் என்பவர் மன்னாரிலிருந்து வந்த குடியேற்றவாசி. வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. அந்த முறை குளத்திலே தண்ணீர் மட்டுமட்டு. தலைமடையிலே திறந்து கிடந்த வாசலாலே அவ்வளவும் ஒரே வயலுக்குள்ளே போய், அங்கிருந்து காட்டுக்குள்ளே போய்விட்டது. லாசர் வந்து பார்த்தார். மடை அடைக்கலாம்தான், ஆனால் இன்னொருவன் மடையிலே கை வைக்க அவருக்கு மனமில்லை. காத்திருந்தார். திருவிழா முடிந்து, நெற்றியிலே சந்தனம் காயாமல் வந்து இறங்கினார் தில்லையம்பலத்தார். லாசர் ஏசவில்லை, மண்வெட்டி தூக்கவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, உங்கடை வயலிலை மீன் நீந்துது. என்ரை வயலிலை ஓணான் ஓடுது. ஒருக்கா வந்து பாருங்கோ."

வந்து பார்த்தார். பயிர் பழுத்து நிற்கவில்லை, காய்ந்து நின்றது. லாசரின் மனைவி அந்தக் காய்ந்ததை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். தில்லையம்பலத்தார் அந்த வரம்பிலே அப்படியே குந்திவிட்டாராம்.

பொறுங்கோ, மெத்ரோ ரயில் போகுது. போகட்டும். இந்த லா சப்பலிலை பேசுறதெண்டால் மெத்ரோவுக்கும் ஒரு பங்கு குடுக்கத்தான் வேணும்.

அந்தப் போகம் விளைந்ததிலே பாதி லாசர் வீட்டுக்குப் போனது. அதைப் பெரிதாகச் சொல்ல நான் வரவில்லை. மனச்சாட்சியுள்ள எவனும் செய்வான். அடுத்த போகத்திலே அவர் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். குளத்துக் கதவு திறந்து முதல் தண்ணீர் வாய்க்காலிலே வந்தது. முதல் காணிக்காரன் முதலிலே பாய்ச்சுவதுதானே வழக்கம்? தில்லையம்பலத்தார் மண்வெட்டியை எடுத்தார். தன் மடையை அடைத்தார். வரம்பிலே ஏறி நின்றார். கடைசி வயலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்:

"கடைசி வயலுக்குத் தண்ணி வந்திட்டுதோ?"

அடுத்த வயல்காரன் அதையே திருப்பிக் கத்தினான். அதற்கடுத்தவன் கத்தினான். கேள்வி வரம்பு வரம்பாகப் போனது. போய்ச் சேர்ந்த இடத்திலே லாசர் நின்று கத்தினார்:

"வந்திட்டுது! உங்கடை மடையைத் திறவுங்கோ!"

அதற்குப் பிறகுதான் தலைமடை திறந்தது. அன்று தொடங்கிய வழக்கம், அவையோரே! அதிலே ஒரு சட்டமும் உண்டு. நடுவிலே நிற்கிறவன் கேள்வியைக் கடத்தலாம், பதில் சொல்லக் கூடாது. தன் வயல் நனைந்தவனுக்கு எல்லா வயலும் நனைந்த மாதிரித்தான் தோன்றும். பதில் சொல்லும் உரிமை கடைசி வயலுக்கு மட்டும்தான்.

இனி எங்கள் கதை. எழுபத்தேழாம் ஆண்டு. மலைநாட்டிலே கலவரம். என் அப்பாவும் அம்மாவும் இருந்த தேயிலைத் தோட்டத்து லயன் வீடு எரிந்தது. உடுத்த துணியோடு லொறியேறி வன்னிக்கு வந்தார்கள். வந்தவர்களைப் பார்த்துக் கதவு சாத்தினவர்கள் இல்லையா? இருந்தார்கள்! பெயர் சொல்ல மாட்டேன், அவர்களின் பேரப்பிள்ளைகளும் இங்கே ரோல்ஸ் சாப்பிடக் காத்திருக்கிறார்கள். ஆனால் தலைமடைக் கதவு சாத்தவில்லை. எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த தில்லையம்பலத்தார் கோடரியை எடுத்துக்கொண்டு எங்கள் ஆட்களோடு காட்டுக்குப் போனார். லாசரின் வயலுக்கு அப்பாலே இருந்த மேட்டைக் காட்டி, இது உங்களுக்கு என்றார்.

என் அம்மா கேட்டாவாம்: "எங்களுக்கு எதுக்குங்க ஐயா நெலம்? நாளைக்கு வந்து எறங்கச் சொன்னா எங்க போவோம்? கூலிக்கு ஏதாச்சும் குடுங்க, போதும்." அதற்கு அவர் சொன்னார்: "ஐயா, துரை எல்லாம் தோட்டத்தோடை போச்சு பிள்ளை. இஞ்சை எல்லாரும் காடு வெட்ட வந்தவைதான். நான் கொஞ்சம் முந்தி வந்திட்டன், அவ்வளவுதான்."

முந்தி வந்தேன், அவ்வளவுதான்! முதலாவது என்று முறுக்கிக்கொண்டு திரியும் உலகத்திலே, முதலாவதாக வந்த ஒரு மனிதன் சொன்ன வார்த்தை இது!

ஆனால் மேட்டிலே தண்ணீர் ஏறுமா? அரசாங்க வாய்க்கால் பள்ளத்திலே ஓடுகிறது. தலைமடையிலேயே பிரித்து வெட்டினால்தான் மேட்டுக்குப் போகும். என்ன செய்தார்? தன் விளைநிலத்தின் நடுவாலே, தன் கையாலே, ஒரு புது வாய்க்கால் வெட்டினார். எந்த அரசாங்கத்து வரைபடத்திலும் அது இல்லை. அடுத்த போகத்திலே வரம்பிலே ஏறி அதே கேள்வியைக் கேட்டார். பழக்கதோசத்திலே லாசர் வாயைத் திறக்க, இவர் தடுத்தார்: "லாசர், நீ பொறு! இனிக் கடைசி வயல் நீயில்லை!" லாசருக்குச் சாகும்வரைக்கும் அந்தக் கவலை. "நாப்பது வருசம் நான் சொன்ன பதிலை நேற்று வந்த பிள்ளை சொல்லுறாள்" என்று பகிடியாகச் சண்டை பிடிப்பார். அந்தப் பதிலை முதன்முதலாகக் கத்தினது என் அம்மா. ஒரு வார்த்தை கேட்டு, ஒரு வார்த்தை சொல்லி, அந்த வார்த்தைக்காக ஒருவர் காத்து நிற்பது அவவின் வாழ்க்கையிலே அதுதான் முதல்தடவை. இதைச் சொல்லும்போதெல்லாம் என் அம்மா அழுவா. எனக்கும் இப்ப வருது. பொறுங்கோ, தண்ணி குடிக்கிறன்.

பிறகு யுத்தம் வந்தது, ஓடினோம். திரும்பிப் போனவர்கள் முதல் வேலையாக அந்த வாய்க்காலைத்தான் துப்பரவாக்கினார்கள். நான் திரும்பிப் போகவில்லை. குளிர்காலத்திலே பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்திலே, ஒரு மெல்லிய சட்டையோடு வந்து இறங்கினேன். கூட்டிப்போக வந்தவர் யார்? எனக்கு முந்தியே இங்கே வந்துவிட்ட இந்தத் தில்லைநாயகி அம்மா! கார்ஜிலே அவவின் வீடு. அங்கே எனக்கொரு கட்டில். அது யாருடைய கட்டில் தெரியுமா? அந்தா, தூணுக்குப் பின்னாலே ஒளிக்கிறாரே, லவன் அண்ணையின் கட்டில்! பொபினி பிறெபெக்தூர் என்ற அரசாங்கக் கந்தோர் வரிசையிலே நின்று நின்று எனக்கு வதிவிடப் பத்திரம் கிடைக்கும்வரைக்கும் அவர் நடையிலே பாய் விரித்துப் படுத்தார்.

முதல்நாள் சாப்பாடு. அண்ணை உணவகத்திலே கோப்பை கழுவிக் களைத்து வந்து நிற்கிறார். அம்மா அவருக்குச் சோறு போடுறா இல்லை. "கடைசியா வந்த பிள்ளை சாப்பிடட்டும். பேந்து உனக்கு." அண்ணை என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, சாப்பிட்டு முடிச்சிட்டியோ? முடிச்சிட்டன் எண்டு கெதியாக் கத்து! எனக்குப் பசியிலை உயிர் போகுது!" அன்றைக்குத்தான் பாரிசிலே நான் முதன்முதலாகச் சிரித்தேன்.

இப்ப சொல்லுங்கோ. இந்த மனிசனைப் பாத்து நான் என்னெண்டு சொல்லுறது, விக்காதேங்கோ எண்டு? இத்தனை வருசம் சமையலறை நெருப்பிலை நிண்டு முழங்கால் தேஞ்ச மனிசன். தனக்கெண்டு ஒரு சின்னக் கடை போட ஆசைப்படுறார். அது பிழையோ? காணி அவரின்ரை. வேர்வை அவரின்ரை அம்மப்பாவின்ரை. ஒருவரிடம் வாங்கிய நன்மையைக் காட்டியே அவரிடம் இன்னும் கேட்பது நன்றியல்ல, அவையோரே, அது நச்சரிப்பு! எனக்குப் பயமில்லையா? பயமாகத்தான் இருக்கிறது! சாருஜன் இன்று காலையிலும் ஊரிலிருந்து அழைத்தான்: "அக்கா, நாத்து மேடை போடுறதோ விடுறதோ?" விழா முடிய எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் வாய்க்கால் இருந்தால்தான் நன்றி, போனால் இல்லை என்றால், அது என்ன நன்றி?

ஆகவே நன்றி! காடு வெட்டிய கைகளுக்கு நன்றி! தன் பிழையைப் பார்க்கத் தானே நடந்து போன கால்களுக்கு நன்றி! தன் நிலத்தைக் கீறி எங்கள் நிலத்தை நனைத்த மண்வெட்டிக்கு நன்றி! சோற்றுக்குக் காத்து நின்ற அண்ணனுக்கு நன்றி! கட்டில் தந்த கார்ஜ் வீட்டுக்கு நன்றி! தில்லைநாயகி அம்மா, நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் இந்த நன்றியிலே ஒரு சொட்டுக் குறையாது. இந்த அளவிலே எனது...

என்னம்மா? எழும்பாதேங்கோ, எழும்பாதேங்கோ! லவன் அண்ணை, பிடியுங்கோ அவவை! கஜன், மைக்கைக் குடு... வேண்டாமாம். ஆ... ஐயோ அம்மா.

பின்னாலை உள்ளவைக்குக் கேட்டிருக்காது, நானே திருப்பிச் சொல்லுறன். அம்மா கேக்கிறா: "கடைசி வயலுக்குத் தண்ணி வந்திட்டுதோ?"

ஆர் அங்கை "வந்திட்டுது" எண்டு கத்தினது? பழக்கதோசமோ? வாயை மூடுங்கோ! நடுவிலை உள்ளவை பதில் சொல்லக் கூடாது. இது எங்கடை வயல். பதில் நான்தான் சொல்ல வேணும்.

இல்லை அம்மா. வரேல்லை. இந்தப் போகம் வருமோ, அடுத்த போகம் வருமோ எண்டு எங்களுக்குத் தெரியாது.

கொஞ்சம் சத்தம் போடாதேங்கோ, அம்மா சொல்லுறா. மகனைப் பாத்துச் சொல்லுறா... "லவன், கேட்டியோ? வரேல்லையாம். அப்ப எங்கடை மடைக்கு என்ன அவசரம்? முதலிலை வாய்க்காலைப் பிரிச்சு அந்தச் சனத்தின்ரை பேரிலை எழுது. மிச்சத்தைப் பேந்து வில். அதுவரைக்கும் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

லவன் அண்ணை... நீங்கள் சொல்லுங்கோ. தலையை ஆட்டினால் காணாது, இஞ்சை எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். என்ன? "அதை முதலே கேட்டிருக்கலாமே தங்கச்சி, நான் என்ன மாட்டனெண்டே சொன்னனான்" எண்டு ஏசுறார்! ஏசுங்கோ அண்ணை, நல்லா ஏசுங்கோ! மதில் வாய்க்காலுக்கு இங்காலைதான் எழும்புமாம். சாருஜன், நீ எங்கை நிண்டாலும் நாத்து மேடையைப் போடடா!

அவையோரே, இதற்குமேல் என் தமிழ் நிற்காது. தலைவருக்கும், இவ்வளவு நேரம் மணிக்கூட்டைக் காட்டாமல் விட்ட கஜனுக்கும், ஆறிப்போன ரோல்ஸுக்கும், கூடியிருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் தலைவணங்குகிறேன். வாய்க்கால் எங்கள் பேருக்கு வந்த அன்றைக்கு, லவன் அண்ணை, நான் கார்ஜுக்கு ஓடிவந்து, உங்கள் மாடிக்குக் கீழே நின்று, அக்கம்பக்கம் ஜன்னல் திறக்கக் கத்துவேன்: வந்திட்டுது அண்ணை, உங்கடை மடையைத் திறவுங்கோ! வணக்கம்.